இணையப் போக்கரில் வெற்றியிலும் தோல்வியிலும் கட்டுப்பாட்டோடு ஆடுவது எப்படி?

திருகோணமலையில் முந்நூற்றுநான்கு என்னும் சீட்டாட்டத்தை ஆடிப் பழகிவிட்டு, இப்போது கைபேசியில் போக்கர் ஆடத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முந்நூற்றுநான்கில் எதிரே இருக்கும் கூட்டாளியின் முகமே நம் அவசரத்தை அடக்கிவிடும். உப்புவெளி விடுதியொன்றில் வேலை முடித்து வந்து நள்ளிரவில் தனியே கைபேசியைத் திறப்பவரைத் தடுக்க ஒருவரும் இல்லாததால், தடுக்கும் விதிகளை அவரே முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதற்படி: பணத்தைப் பிரித்து வையுங்கள். முழுவதும் போனாலும் வீட்டுச் செலவு தடைப்படாத தொகையை மட்டும் ஒதுக்குங்கள். அப்படியொன்று இல்லையெனில் பணமில்லா மேசைகளோடு நின்றுகொள்ளுங்கள். பிளைண்ட், அதாவது சீட்டு விழுமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் சிறிய, பெரிய பந்தயங்கள், 1 சென்ட், 2 சென்ட் என்றிருக்கும் மேசையில் 100 பெரிய பிளைண்டுகளோடு, அதாவது 2 டாலரோடு அமர்வது வழக்கம். அதைப்போல் 25 மடங்கு, 50 டாலர், ஒதுக்கியிருந்தால் சில கெட்ட நாட்களைத் தாங்கலாம்.

இரண்டாம் படி: அமருமுன் இரண்டு எல்லைகளைக் கொப்பியில் எழுதுங்கள். எத்தனை டாலர் போனால் எழுவீர்கள், எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள் என்பவை அவை. மேசைப் பணத்தைத் தானாக நிரப்பும் வசதியையும் அணைத்துவிடுங்கள். மாரி மழையில் இணைப்பு அறுபடும் இரவுகளில் ஆடவே வேண்டாம்.

மூன்றாம் படி தோல்விக்குரியது. இரண்டு ஆஸ் வைத்திருக்கும் நீங்கள், இரண்டு ராஜா வைத்திருப்பவரோடு முழுப் பணத்தையும் வைத்தால், வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 82 சதவீதம். ஆகவே ஐந்தில் ஒரு தடவை தோற்பது இயல்பே. ஆபத்து அதற்குப் பின்னர்தான் வருகிறது. சில நொடிகளில் அடுத்த சீட்டுகள் விழுகின்றன. வழக்கமாகத் தூக்கிப்போடும் ராஜாவும் ஏழும் திடீரென நல்லவையாகத் தெரிகின்றன. விரல் பந்தயத்தை உயர்த்தும் பொத்தானுக்குப் போகிறது. அந்த நொடியில் ஆட்டத்திலிருந்து விலகியிருக்கும் பொத்தானை அழுத்தி, கைபேசியைக் கவிழ்த்துவிட்டு எழுந்து நடவுங்கள்.

வெற்றிதான் இதைவிடக் கடினம் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் அதற்கு எவரும் விதி எழுதுவதில்லை. வென்ற பணத்தை மற்றவர் பணம்போல் எண்ணி, சற்றுமுன் விட்டிருக்கக்கூடிய சீட்டுகளோடு இறங்குவதும், அன்றிரவே பெரிய மேசைக்குத் தாவுவதும் இதிலிருந்துதான் பிறக்கின்றன. உங்கள் 2 டாலர் 5 டாலராகி, எதிராளியிடமும் அவ்வளவு இருந்தால், ஒரே தவறான தீர்மானம் முன்னிலும் இரண்டரை மடங்கு விலை கேட்கும். ஆகவே நான்காம் படியாக, பணம் இரட்டித்ததும் அந்த மேசையை விட்டெழுங்கள். நேரம் மீதமிருந்தால் வேறொரு மேசையில் மீண்டும் 2 டாலரோடு அமருங்கள்.

ஐந்தாம் படியை மறுநாட் காலையில் செய்யுங்கள். பெரிய தொகை புழங்கிய மூன்று ஆட்டங்களை எடுத்து, முடிவைப் பாராமல், அப்போது தெரிந்ததை வைத்து உங்கள் தீர்மானம் சரியா என்று மட்டும் எழுதுங்கள். எழுதிய எல்லையை மீண்டும் மீண்டும் மீறியிருந்தாலோ, கடன் வாங்கி ஆடியிருந்தாலோ, தளத்திலுள்ள சுயதடை வசதியால் கணக்கை முடக்கிவிட்டு, அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்.