வீட்டில் ஒரு கனவு, உள்ளத்தில் தேவ அழைத்தல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்தோலிக்கக் குருவாகவோ துறவியாகவோ வாழக் கடவுள் கூப்பிடுகிறார் என்று மனதில் தோன்றுவதைத்தான் தேவ அழைத்தல் என்கிறோம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு அப்பா கவுன்சிலிங் பேச்சை எடுத்திருப்பார். அந்த நேரத்தில் "குருமடத்தில் சேரணும்", "கன்னியர் மடத்துக்குப் போகணும்" என்று வாய் திறப்பது லேசான காரியம் இல்லை. அதனால்தான் பலர் மறைக்கிறார்கள். தேவ அழைத்தல் முகாமுக்குப் போய்விட்டு, தோழி வீட்டுக்குப் போனதாகச் சொல்கிறார்கள். பங்குத்தந்தைக்குத் தெரியும், மறைக்கல்வி டீச்சருக்குத் தெரியும், அம்மாவுக்கு மட்டும் தெரியாது. பிறகு விஷயம் வெளியே வரும்போது, ஊருக்கே தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்றுதான் அம்மா அதிகம் அழுகிறார். முடிவெடுத்த பிறகு அறிவிக்காதீர்கள். "இப்படி ஓர் எண்ணம் ஓடுதும்மா, இன்னும் தெளிவாகல" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, வீட்டின் எதிர்ப்பையே அழைத்தலுக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது. தொமினிக்கன் துறவற சபையில் சேர்ந்த, பின்னாளில் புனிதரான தாமஸ் அக்குவினாஸைக் குடும்பத்தார் ஏறக்குறைய ஒரு வருடம் அடைத்து வைத்தார்கள். அதைப் படித்துவிட்டு, அப்பா திட்டும் ஒவ்வொரு முறையும் தன்னை அக்குவினாஸாக நினைத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இன்னொரு புனிதரான பிரான்சிஸ் சலேசியாரின் கதை. அவர் வழக்கறிஞராக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. இத்தாலியின் பதுவா நகரில் சட்டம் படித்தார், கூடவே இறையியலும் படித்தார். 1591இல் சட்டத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். 1593இல் அப்பாவின் சம்மதத்தோடுதான் குருவானார். "முதலில் டிகிரியை முடி" என்று வீட்டில் சொன்னால், அது கதவைச் சாத்துவதாகாது. பட்டப்படிப்பு முடித்தவர்களைச் சேர்க்கும் சபைகள் நிறைய உள்ளன.

தப்பித்து ஓடுவதை அழைத்தல் என்று நம்பிவிடுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. நீட்டில் மார்க் குறைந்திருக்கும், காதல் முறிந்திருக்கும், பார்த்த மாப்பிள்ளை பிடித்திருக்காது. ஆசைப்பட்ட சீட்டு நாளைக்கே கிடைத்தாலும் இந்த விருப்பம் அப்படியே நிற்குமா? இதை உங்களிடமே கேளுங்கள், ஆன்மிக வாழ்வில் உங்களுக்கு வழிகாட்டும் ஆன்ம குருவிடமும் ஒளிக்காமல் பேசுங்கள். மனம் வறண்டு குழம்பிக் கிடக்கும்போது, முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பார் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். வீட்டில் சண்டை நடந்த இரவில் பெட்டி கட்டவும் வேண்டாம், விண்ணப்பத்தைக் கிழிக்கவும் வேண்டாம்.

சேர்ந்துவிட்டால் திரும்பவே முடியாது என்ற பயம் பிள்ளைக்கும் இருக்கிறது, பெற்றோருக்கும் இருக்கிறது. திருஅவைச் சட்டம் அவ்வளவு அவசரப்படுவதில்லை. துறவற சபைகளில் 17 வயது நிறையாமல் நவதுறவில், அதாவது துறவறத்தின் தொடக்கப் பயிற்சியில், சேர்க்க மாட்டார்கள். அது குறைந்தது 12 மாதம். அதன்பின் குறைந்தது 3 ஆண்டு தற்காலிக வார்த்தைப்பாடு, அதாவது ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதலைக் கடைப்பிடிப்பதாகக் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. நிரந்தர வார்த்தைப்பாட்டுக்கு 21 வயது நிறைய வேண்டும், குருப்பட்டத்துக்கு 25. வாழ்க்கை நிலையைத் தேர்வதில் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பிள்ளையைக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொல்லி மடத்துக்குத் தள்ளும் பெற்றோருக்கும் இது பொருந்தும்.

அப்புறம், "வயசான காலத்தில் எங்களை யார் பார்ப்பாங்க?" என்ற கேள்வி. இதற்கு "கடவுள் பார்த்துக்குவார்" என்று பதில் சொல்லாதீர்கள். அது அவர்கள் வாயை அடைக்கும், பயத்தைப் போக்காது. துறவற சபையில் சேராமல் ஆயரின் கீழ் பணிபுரியும் மறைமாவட்டக் குருவுக்கு ஏழ்மை வார்த்தைப்பாடு கிடையாது, தன் பணத்தில் பெற்றோருக்கு உதவலாம். துறவற சபையில் சேர்ந்தால் உழைத்துப் பெறுவது சபைக்குப் போகும். இந்த வித்தியாசம் தெரியாமலே விண்ணப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்விக் கடன் இருந்தால் அதையும் முதலில் பேசுங்கள். அடைக்க முடியாத கடன் உள்ளவரை நவதுறவில் சேர்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை.

முடிந்தால் அப்பா அம்மாவையும் அந்த மடத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். வருடத்துக்கு எத்தனை நாள் வீட்டுக்கு அனுப்புவீர்கள், எங்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் பிள்ளை வர முடியுமா, பிடிக்கவில்லை என்று திரும்பினால் என்ன செய்வீர்கள் என்று அவர்களே கேட்கட்டும். தலைமைச் சகோதரி சொல்லும் பதிலை நீங்கள் வந்து சொல்வதைவிட, அவர்கள் காதாலேயே கேட்பது நல்லது.