சோமநாத் முதல் வெள்ளை ரண் வரை: முப்பது பேரை பஸ்ஸில் கூட்டிப் போவது எப்படி

சௌராஷ்டிரக் கடற்கரையையும் கட்ச் பாலையையும் ஒரே சுற்றில் பார்க்க ஏழு நாள் வேண்டும். ராஜ்கோட்டில் ஏறி சோமநாத், போர்பந்தர், துவாரகை, புஜ், மாண்ட்வி, தோர்டோ என்று போய் புஜ்ஜில் முடிப்பது நல்ல வழி. இந்தப் பயணத்தில் நம் கையில் இல்லாத நேரங்கள் இரண்டு. துவாரகாதீசர் கோயில் பகல் ஒரு மணி வாக்கில் நடை சாத்தினால் மாலை ஐந்துக்குத்தான் திறக்கும். வெள்ளை ரண் என்ற உப்பு வெளியின் ஓரத்து ஊரான தோர்டோவில் டிசம்பர் மாதத்துச் சூரியன் ஆறே கால் சுமாருக்கு மறைந்துவிடும். இவை இரண்டையும் முதலில் எழுதிக்கொண்டு மற்ற நேரங்களை அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை போகலாம். மழைக்காலத்தில் ரண்ணில் கடல்நீரும் ஆற்றுநீரும் ஏறி நிற்கும். அது வற்ற வற்றத்தான் உப்புப் படியும் என்பதால் நவம்பரில் பல இடங்கள் இன்னும் சேறாகவே கிடக்கும். பௌர்ணமியை ஒட்டிப் போவதென்றால் அறைகளை மாதக்கணக்கில் முன்னதாகவே பிடித்துவிடுங்கள்.

முப்பது பேருக்கு 35 சீட் பஸ் போதும். 49 சீட் வண்டி கோயில் ஊர்களின் சந்துகளில் திரும்பாது. பஸ்ஸை குஜராத்திலேயே எடுங்கள். புஜ்ஜில் இறங்கிக்கொள்வதால் வண்டி காலியாகத் திரும்பும் கிலோமீட்டர், டோல், டிரைவர் பேட்டா, பார்க்கிங் எல்லாம் வாடகையில் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள். கடைசி நாள் தகராறு பெரும்பாலும் இதில்தான் வரும்.

சோமநாத்திலிருந்து துவாரகை சுமார் 230 கி.மீ. மாதவ்பூரில் சாலையை ஒட்டியே கடல் வரும், எல்லாரும் இறங்கக் கேட்பார்கள். கால் நனைப்பதோடு நிறுத்துங்கள், அங்கே அலை முரடு. குளிக்க விரும்புகிறவர்களுக்குத் துவாரகைக்கு அருகே சிவராஜ்பூர் கடற்கரை இருக்கிறது.

துவாரகை நாளை இப்படி வையுங்கள்: காலை ஆறரைக்குக் கோயில், டிபன், நாகேஷ்வர் சிவன் கோயில், பதினொன்றுக்குள் பேட் துவாரகைத் தீவு. முன்பு ஓகாவிலிருந்து படகு பிடிக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் சுதர்சன் சேது பாலம் திறந்தபின் பஸ்ஸிலேயே போகலாம். பழைய பயணத்திட்டத்தைப் பார்த்து நகல் எடுத்தால் அரை நாள் வீணாகும். சோமநாத்திலும் துவாரகையிலும் கோயிலுக்குள் செல்போன் கூடாது. துவாரகை கோயிலுக்கு வாசல் இரண்டு. வடக்கே மோட்ச துவாரம், தெற்கே கோமதி ஆற்றுக்கு 56 படி இறங்கும் சொர்க்க துவாரம். போனும் இல்லாமல் ஆளுக்கொரு வாசலில் வெளியே வந்தால் தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். எந்த வாசலில், எத்தனை மணிக்கு என்று உள்ளே போகும்முன் சொல்லி, ஐந்து ஐந்து பேராகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொறுப்பாளரை வையுங்கள்.

மிகக் கடினமான நாள் துவாரகையிலிருந்து புஜ் போவது. 400 கி.மீ.க்கு மேல் வரும். கட்ச் வளைகுடாவைச் சுற்றி ஜாம்நகர், மோர்பி வழியாக ஏறிப் போக வேண்டும், நிறுத்தங்களோடு பத்து மணி நேரம் ஆகும். சூரஜ்பாரி பாலத்தருகே லாரி நெரிசல் சகஜம். ஒரே டிரைவரை இத்தனை தூரம் ஓட்டச் சொல்வது தப்பு. இரண்டாவது டிரைவர் வேண்டும், இல்லையென்றால் ஜாம்நகரில் இரவு தங்கிவிட்டு மாண்ட்வியை விட்டுவிடுங்கள். வயதானவர்கள் அதிகம் என்றால் யோசிக்காமல் ஜாம்நகர்தான்.

இங்கே குளிர்காலத்தில் நம்மூரைவிட முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமாகத்தான் விடியும். ஜனவரியில் ஏழு மணிக்கும் இருட்டு முழுசாக விலகாது. ஐந்து மணிக்குக் கிளப்பினால் இரண்டு மணி நேரம் இருட்டில்தான் ஓட வேண்டியிருக்கும்.

ரண் நாளில் புஜ்ஜை விட்டு ஒன்பதுக்குக் கிளம்புங்கள். டீசல், ரொக்கம் இரண்டையும் புஜ்ஜிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீர் வீதம் 20 லிட்டர் கேன் ஐந்து ஏற்றினால் முப்பது பேருக்குத் தாங்கும். வெள்ளை ரண்ணுக்குள் போக ஆளுக்கும் வண்டிக்கும் தனித்தனியாக பர்மிட் வாங்க வேண்டும். ஆன்லைனில் முன்கூட்டியே எடுக்கலாம், பிரண்டியாரா செக்போஸ்டிலும் கொடுப்பார்கள். டிரைவர் உட்பட எல்லார் பெயரும் வயதும் கொண்ட பட்டியல், அடையாள அட்டை நகல் ஒவ்வொன்று, அசல் அவரவர் கையில். ஒருவர் நகலை ஓட்டலில் விட்டு வந்தாலும் பஸ்ஸே காத்துக் கிடக்கும்.

முதலில் காலா டுங்கர் குன்று. இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிமானம் குறையும், சின்ன கியரில் இறக்கச் சொல்லுங்கள். காவ்டாவில் சாப்பாடு. தோர்டோவுக்கு மூன்றரைக்கும், உப்பு வெளிக்கு நாலரைக்கும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பஸ் பார்க்கிங்கோடு நின்றுவிடும். அதற்கப்பால் நடை அல்லது ஒட்டக வண்டி.

உப்பின்மேல் காலை வைத்ததும் மொறுமொறுவென்று நொறுங்கினால் தரை உறுதி. சத்தமில்லாமல் அமுங்கி, சுவட்டில் சாம்பல் நிற நீர் ஊறினால் அடியில் சேறு இருக்கிறது. வந்த தடத்திலேயே திரும்புங்கள். மூடிய ஷூ, கூலிங் கிளாஸ், ஸ்வெட்டர் மூன்றும் அவசியம். மாலை மூன்று மணிக்குக் கண் கூசும் அதே இடத்தில் ஏழு மணிக்குப் பல் கிட்டும்.

பஸ் ஏறும்முன் ஷூவைத் தட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போடச் சொல்லுங்கள். ஒட்டிய உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், தோல் ஷூ என்றால் விறைத்து வெடிக்கும். அன்றிரவே புஜ்ஜில் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள்.