வட சென்டினல் தீவைப் பற்றி வகுப்பில் ஒரு பாடம் நடத்துவது எப்படி

வெளியாரை அண்டவிடாத பழங்குடியினர் வாழும் வட சென்டினல் தீவு என்ற பெயரைச் சொன்னவுடன் யாழ்ப்பாணத்துத் தரம் 10 மாணவர்களில் பாதிப் பேராவது கையை உயர்த்துவார்கள். அம்பெய்யும் மனிதர், கரையில் கிடக்கும் சடலம், நரமாமிசம் என்று கைத்தொலைபேசி அவர்களுக்கு முன்கூட்டியே ஒரு கதையைச் சொல்லி முடித்திருக்கும். அத்தீவினர் மனித இறைச்சி உண்பதற்கு எந்தச் சான்றும் இல்லை என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது; பின்னர் சொல்லலாம் என்று விட்டால் அக்கதையே பாடமாகிவிடும். நான் முதன்முறை இப்பாடத்தை நடத்தியபோது, ஆர்வத்தைத் தூண்டுவதாக எண்ணி, வில்லேந்திய மனிதரின் படத்துடன் தொடங்கினேன். ஐந்து நிமிடத்துக்குள் பின்வாங்கிலில் அடிமட்டங்கள் வில்லாகிவிட்டன. தவறு மாணவர்களுடையது அன்று. அதன் பின்னர் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு, படத்தைத் தவிர்த்து, வரைபடத்துடன் தொடங்குகிறேன்.

வங்காள விரிகுடா முழுவதும் தெரியும் வரைபடத்தில் பருத்தித்துறையிலிருந்து கிழக்கே, சற்று வடக்குப் பக்கமாகச் சாய்த்து ஒரு கோடு வரையச் சொல்லுங்கள். ஏறத்தாழ 1,350 கிலோமீற்றர் சென்றால், அந்தமான் தீவுகளின் தலைநகருக்கு மேற்கே, அக்கோடு வட சென்டினலைத் தொடும். அந்நகரைப் போர்ட் பிளேயர் என்றே பழைய வரைபடங்கள் குறிக்கும். 2024 இல் இந்திய அரசு அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் இதுதானா என்று தமிழ்ப் பாடத்தில் கெட்டிக்கார மாணவர் எவராவது கேட்கக்கூடும். அது தெற்கே உள்ள நிக்கோபார். கேட்டவரைப் பாராட்டிவிட்டு மேலே செல்லலாம்.

பரப்பளவை எண்ணாகச் சொன்னால் எவருக்கும் மனதில் பதியாது. வட சென்டினல் சுமார் 60 சதுர கிலோமீற்றர். நெடுந்தீவு சுமார் 50. குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போய் வந்த மாணவர்களை எழுப்பி, அத்தீவை நடந்து சுற்றுவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், குடிநீர் எங்கே கிடைக்கிறது, படகு ஓடாத நாளில் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். அதைவிடச் சற்றுப் பெரிதான, முழுவதும் காடு மூடிய, சுற்றிலும் பவளப்பாறை சூழ்ந்த தீவு என்று சொன்னால் போதும். பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும். நெடுந்தீவில் சில ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். அங்கே எத்தனை பேர் என்ற கேள்வி உடனே எழும். 2001 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 39 என்றும் 2011 இல் 15 என்றும் பதிவாகியிருப்பதைக் கரும்பலகையில் எழுதி, பத்து ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்துவிட்டார்களா என்று கேளுங்கள். விடை, அவை கடலில் நின்றபடி கண்ணில் பட்ட தலைகளை எண்ணிய கணக்கு என்பதே. மதிப்பீடுகள் 50 முதல் 200 வரை வேறுபடுகின்றன.

அடுத்து, கவராயத்தை எடுக்கச் சொல்லுங்கள். இந்திய அரசின் 1956 ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் கீழ் அத்தீவை ஐந்து கடல் மைலுக்குள், அதாவது ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்துக்குள், எவரும் நெருங்கக் கூடாது. அதே அளவில் யாழ்ப்பாண மணிக்கூட்டுக் கோபுரத்தை மையமாக வைத்து வட்டம் வரைந்தால் கோப்பாயும் மானிப்பாயும் உள்ளே விழும். உண்மையில் அத்தூரம் தீவின் நடுவிலிருந்து அன்றி அதன் கரையிலிருந்து அளக்கப்படுவது என்பதைத் திருத்திச் சொல்ல மறக்க வேண்டாம்.

இவ்வட்டம் ஏன் வந்தது என்பதே பாடத்தின் நடுப்பகுதி. நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். 1880 இல் மொரிஸ் விடல் போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி தீவில் இறங்கி, வயோதிபத் தம்பதியர் இருவரையும் நான்கு சிறுவர்களையும் பிடித்துப் போர்ட் பிளேயருக்குக் கொண்டு சென்றார். அறுவரும் விரைவிலேயே நோயுற்றனர்; முதியவர்கள் இருவரும் இறந்தனர்; சிறுவர்கள் பரிசுப் பொருட்களுடன் திருப்பி அனுப்பப்பட்டனர். பரிசுடன் அவர்கள் வேறு எதனைக் கொண்டு போயிருப்பார்கள் என்ற வினாவை வகுப்பில் போட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள். எவராவது ஒருவர் நோய் என்று சொல்வார். அப்போது அயல் தீவுகளின் கதைக்குப் போகலாம். 1858 இல் பிரித்தானியர் அந்தமானில் கைதிகள் குடியேற்றத்தை நிறுவியபோது பெரிய அந்தமானியர் எனப்படும் பழங்குடியினர் சில ஆயிரம் பேர் இருந்தனர். 1877 இல் சின்னமுத்து பரவியது. வேறு நோய்களும் சேர்ந்துகொண்டன. இன்று அவர்களின் வழிவந்தோர் ஏறத்தாழ ஐம்பது பேரே எஞ்சியுள்ளனர். அவர்களுடைய மொழிகளுள் ஒன்றான போ மொழியைப் பேசிய கடைசி மனிதர், போவா என்ற மூதாட்டி, 2010 சனவரியில் இறந்தார்.

இந்திய அரசும் தொடக்கத்தில் விலகி நிற்கவில்லை. மானிடவியலாளர் திரிலோகநாத் பண்டிட் உள்ளிட்ட குழு 1967 இல் அத்தீவுக்குச் சென்றது. அதன் பின்னர் பல ஆண்டுகளாகத் தேங்காய்களைக் கரையோரம் விட்டு வரும் பயணங்கள் நடந்தன. 1991 சனவரி 4 ஆம் திகதி தீவினர் நீருக்குள் இறங்கி வந்து தேங்காய்களை நேரடியாகப் பெற்றுக்கொண்டனர். அக்குழுவில் மதுமாலா சட்டோபாத்யாய என்ற பெண் மானிடவியலாளரும் இருந்தார். இளைஞன் ஒருவன் வில்லை நாணேற்றியதாகவும், பக்கத்தில் நின்ற பெண்ணொருத்தி அவனைத் தள்ளிவிட அம்பு நீரில் விழுந்ததாகவும் அவர் பின்னர் கூறியுள்ளார். இந்த இடத்தில் வகுப்பு மகிழ்ச்சி அடையும். மகிழட்டும். அதன் பின்னர், அவ்வளவு தூரம் வந்த உறவை 1990களின் நடுப்பகுதியில் அரசே ஏன் நிறுத்திக்கொண்டது என்று கேளுங்கள். தென் அந்தமானிலும் மத்திய அந்தமானிலும் வாழும் ஜாரவா மக்களின் காட்டினூடாகச் சென்ற நெடுஞ்சாலையும், 1999 இல் அவர்களிடையே பரவிய சின்னமுத்தும், சுற்றுலாப் பயணிகளுக்காக அவர்களை ஆடவைத்த காணொளி 2012 இல் வெளிவந்து எழுந்த கண்டனமும், விலகி நின்றது சரியே என்பதை விளங்கவைக்கும்.

"சேர், அவைக்கு வருத்தம் வந்தால் ஆர் பாக்கிறது? ஊசியைப் போட்டுவிட்டு வரலாம்தானே?" இந்தக் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் இரக்க சுபாவம் உள்ள பிள்ளையாகவே இருப்பதால் சிரித்துத் தட்டிக்கழிக்கக் கூடாது. தடுப்பூசிக்கு மீண்டும் மீண்டும் செல்ல வேண்டும், செல்பவரே கிருமியைக் காவிச் செல்லலாம், எதிர்ப்புச் சக்தி இல்லாத சிறு கூட்டத்தில் தடிமன் காய்ச்சல்கூடப் பெருங்கேடாகலாம் என்பதைச் சொல்லுங்கள். அதோடு, வேண்டாம் என்பதை அவர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெளிவாகச் சொல்லி வருகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்விரண்டாவது காரணத்தை மாணவர்கள் முதலாவதைவிடத் தாமதமாகவே ஏற்கிறார்கள் என்பது என் அனுபவம்.

கரையோரப் பாடசாலையில் கற்பிப்பவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. 2006 இல் தீவுக்கு அருகில் இரவில் நங்கூரமிட்ட படகு கரைக்கு இழுபட்டதில் இரு மீனவர் கொல்லப்பட்டனர். இயந்திரம் பழுதாகி வள்ளம் அள்ளுண்டு போவது என்னவென்று மயிலிட்டி, வல்வெட்டித்துறைப் பிள்ளைகளுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. தகப்பன் கடலில் இருக்கும் பிள்ளையின் முன்னால் இதனை வீரக்கதையாகச் சொல்ல வேண்டாம். 2018 நவம்பரில் மத நோக்கத்துடன் சென்று உயிரிழந்த அமெரிக்கர் ஜோன் சாவ் பற்றிப் பேசும்போதும், பணம் பெற்று அவரை ஏற்றிச் சென்ற மீனவர்கள் கைதானார்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். 2025 மார்ச்சில் ஒரு பானக் குவளையையும் தேங்காயையும் கரையில் வைத்துவிட்டு வந்து கைதான இன்னொரு அமெரிக்கர் விடயத்துக்கு ஒரு நிமிடம் போதும். காணொளிக்காக அலைபவருக்கு நம் வகுப்பிலும் விளம்பரம் தேவையில்லை.

சொற்களில் கவனம் வேண்டும். காட்டுமிராண்டி என்பதை மாணவர்கள் தாமாகவே தவிர்ப்பார்கள்; கற்கால மனிதர் என்பதைத் தவிர்க்க மாட்டார்கள். 1981 இல் தரைதட்டிய பிரிம்ரோஸ் கப்பலின் இரும்பைக் காய்ச்சாமல் தட்டி அம்பு முனையாக்கியவர்களை அவ்வாறு அழைக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். சென்டினலியர் என்பதும் பிறர் இட்ட பெயரே. தம்மை அவர்கள் எவ்வாறு அழைக்கிறார்கள் என்பது வெளியுலகுக்குத் தெரியாது, அவர்களுடைய மொழியும் விளங்கவில்லை. 2004 ஆழிப்பேரலையின்போது மணற்காட்டிலும் முல்லைத்தீவிலும் நடந்தவற்றை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், அங்கே என்ன நடந்தது என்று கேட்பார்கள். சில நாட்களின் பின் பறந்த கடலோரக் காவற்படை உலங்குவானூர்தியை நோக்கி ஒரு மனிதர் கரையிலிருந்து வில்லை உயர்த்தினார். உயிருடன் இருக்கிறார்கள் என்பது அவ்வாறுதான் தெரியவந்தது.

நேரம் மிஞ்சினால் மட்டும் நம் நாட்டு வேடரைத் தொடுங்கள். 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களும், வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசி வாழும் கரையோர வேடரும் அயலவருடன் நீண்டகாலமாகக் கலந்து வாழ்பவர்கள். வேடர் கதையையும் சென்டினலியர் கதையையும் ஒன்றாக்கிக் குழப்பினால் இருவருக்கும் அநீதி.

வீட்டு வேலையாகக் கொப்பியில் இரண்டு நிரல்கள் வரையச் சொல்லுங்கள். ஒன்றில் அத்தீவைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவை, மற்றையதில் தெரியாதவை. இரண்டாவது நிரல் நீளமாக உள்ள கொப்பிக்கு நான் கூடுதல் புள்ளி இடுகிறேன். இணையத்திலிருந்து படம் வெட்டி ஒட்ட வேண்டாம் என்பதைப் பாடம் முடிய முன்னரே சொல்லிவிட வேண்டும். மறந்தால் மறுநாள் முப்பது கொப்பிகளில் அதே அம்பு வந்து நிற்கும்.