குட்டி யானையில் சாமான் ஏற்றும் முன்: பாடியின் ஆழம், படுதாவின் அளவு, கட்டும் முறை

வண்டி பேசும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை அடி பாடி?" ஏழடி, எட்டடி, ஒன்பதடி என்று நீளத்தைச் சொல்லி வாடகை முடிந்துவிடும். பக்கப்பலகை எவ்வளவு உயரம் என்று கேட்பவர் குறைவு. ஆனால் எது வண்டிக்குள் தானாக நிற்கும், எதைக் கட்டித்தான் நிறுத்த வேண்டும், மூடும் படுதா (தார்ப்பாய்) எவ்வளவு பெரிதாக வேண்டும் என்ற மூன்றையும் தீர்மானிப்பது அந்த உயரம்தான். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து வாணியம்பாடிக்கு வீடு மாற்றுகிறீர்கள், நடுவில் ஐப்பசி மழை பிடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் டேப்பை எடுங்கள்

குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் கோல்டின் பாடி 2200 × 1490 × 300 மி.மீ. நம் கணக்கில் நீளம் ஏழேகால் அடிக்குச் சற்றுக் குறைவு, அகலம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு, ஆழம் ஓர் அடி. பொலேரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா எல்லாம் இதைவிடப் பெரியவை. மாடலுக்கு மாடல் மாறும். பல வண்டிகளில் உள்ளூர் பட்டறையில் கம்பி வைத்துப் பலகையை உயர்த்தியிருப்பார்கள். அதனால் விளம்பரத் தாளில் உள்ள அளவை நம்பாமல் வண்டியிலேயே அளந்துவிடுங்கள்.

ஆழத்தைக் கேபின் ஓரம், நடு, பின்கதவு ஓரம் என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். தரைத் தகடு மேடும் பள்ளமுமாக இருக்கும். டேப்பின் நுனியை மேட்டில் வையுங்கள், சாமான் அங்கேதான் உட்காரும். தரையில் பிளைவுட் போட்டிருந்தால் அதன் மேலிருந்து அளக்க வேண்டும். பின்கதவு பக்கப்பலகையைவிடத் தாழ்வாக இருந்தால் அந்தச் சிறிய அளவையே ஆழமாக எடுத்துக்கொள்ளுங்கள். அகலத்தைத் தரைமட்டத்தில் அளந்தால் போதாது. கதவுக் கீல், தாழ்ப்பாள், உள்பக்கக் கொக்கி ஆகியவை ஓர் அங்குலமாவது உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். பீரோ சரியாக அந்த இடத்தில்தான் சிக்கும்.

ஆழம் இருக்கிறது என்று நிரப்பிவிடலாமா?

கட்டட வேலைக்கான செயற்கை மணலான எம்-சாண்டை எடுத்துக்கொள்வோம். ஏஸ் பாடியைப் பலகை மட்டம் வரை நிரப்பினால் ஏறத்தாழ ஒரு கன மீட்டர் பிடிக்கும். எம்-சாண்ட் கன மீட்டருக்குச் சுமார் 1600 கிலோ. வண்டி தாங்குவது ஏறத்தாழ முக்கால் டன். அதாவது தரையிலிருந்து ஐந்தரை அங்குலம் மணல் ஏறியதுமே வண்டியின் கணக்கு முடிந்துவிட்டது. மேலே தெரியும் ஆறு அங்குலம் காலியாகத்தான் இருக்க வேண்டும். செங்கல், டைல்ஸ், கிரானைட் துண்டுகளுக்கும் இதே பாடம்தான். பலகை மட்டத்தைப் பார்த்து ஏற்றினால் டயரும் வில்பட்டையும் பதில் சொல்லும்.

உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று தெரிய ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழியுங்கள். அதில் டிரைவர், கூட வருபவர் எடையும் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பதற்கு ஆகும் செலவு சொற்பம்.

வீட்டுச் சாமானில் பிரச்சினை நேர் எதிர். எடை அரை டன் கூட வராது. உயரம் நாலடிக்குப் போய்விடும். ஓரடிப் பலகைக்கு மேல் மூன்றடி சாமான் கயிற்றை மட்டுமே நம்பி நிற்கும். சாமானைப் பிடிப்பது கயிறு, மழையைத் தடுப்பது படுதா. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. "படுதா போட்டு இறுக்கிட்டா போதும்ணா, எதுவும் ஆடாது" என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம்.

அடுக்கும் வரிசை

வழக்கமான இரும்பு பீரோ 78 அங்குல உயரம், 36 அகலம், 19 ஆழம். மல்லாக்கப் படுக்கவைத்தால் பாடியின் அகலத்தில் மூன்றடி போய்விடும். மிச்சம் இரண்டடிகூட இல்லாததால் ஃபிரிட்ஜ் பக்கத்தில் நிற்காது. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் 19 அங்குலம்தான் போகும், மூன்றேகால் அடி மிஞ்சும். வீடு மாற்றும் லோடில் பாதி வெற்றி இந்த ஒரு முடிவில் இருக்கிறது.

1. பீரோவைக் காலி செய்து பூட்டி, சாவியை உங்கள் சட்டைப் பையில் போடுங்கள். முதுகுப் பக்கம் பக்கப்பலகையை ஒட்டியிருக்க, கதவு உள்நோக்கி இருக்க, நீளவாக்கில் ஒருக்களித்து வையுங்கள். அடியில் மடித்த சாக்கு. கண்ணாடி பதித்த கதவென்றால் மெத்தையை அதன் மேல் சாய்த்து நிறுத்தலாம்.

2. எதிர்ப்பக்கம் கேபினை ஒட்டி ஃபிரிட்ஜ், அதற்குப் பின்னால் வாஷிங் மெஷின். ஃபிரிட்ஜ் நின்றபடிதான் போக வேண்டும். படுக்கவைத்தால் கம்ப்ரஸரில் உள்ள எண்ணெய் குழாய்க்குள் ஏறும்; அப்படி வந்துவிட்டால் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே ஸ்விட்சைப் போட வேண்டும்.

3. கிரைண்டர் கல், பாத்திர மூட்டை, புத்தகப் பெட்டி போன்ற கனமானவை தரையில், முன்பக்கமாக, இடம் வலம் சமமாக. பின்கதவு ஓரத்தில் கனத்தைக் குவித்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிப்பு குறையும். ஏலகிரி மாதிரி 14 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டியிருந்தால் இது விளையாட்டல்ல: ஏற்றத்தில் எல்லாம் பின்னுக்குச் சரியும், வளைவில் பக்கவாட்டில் தள்ளும்.

4. கட்டில் சட்டம், பலகைகள் பீரோவுக்கும் மற்ற சாமானுக்கும் நடுவே செங்குத்தாக. டி.வி. இரண்டு மெத்தைக்கு நடுவில், நின்றபடி.

5. துணி மூட்டை, தலையணை, பிளாஸ்டிக் குடம் எல்லாம் இடைவெளி அடைக்க. இடைவெளி இல்லாத லோடு ஆடாது.

கேஸ் சிலிண்டரைப் படுக்கவைக்கக் கூடாது, படுதாவுக்குள் மூடவும் கூடாது. மூடியைப் போட்டு, கடைசியாக, பின்பக்கம் காற்றோட்டமுள்ள மூலையில் நிமிர்த்திக் கட்டுங்கள்.

எல்லாம் ஏறியதும் முன்பக்கம் ஃபிரிட்ஜ் நாலடி, பின்பக்கம் பீரோ மூன்றடி என்று சரிவு கிடைத்திருக்கும். இந்தச் சரிவு வேண்டும். நடுவில் பள்ளம் விழுந்தால் படுதா மேல் தண்ணீர் தேங்கி, அந்தக் கனத்தில் தொய்ந்து, கடைசியில் தையல் வழியே உள்ளே இறங்கும். பள்ளம் தெரிந்தால் நீளவாக்கில் ஒரு மூங்கிலோ கட்டில் சட்டமோ வைத்து முகடு எழுப்புங்கள்.

கயிறு

நைலான் கயிறு நனைந்தால் நீளும். காய்ந்தபோது விண்ணென்று இருந்த கட்டு மழையில் தளர்வது இதனால்தான். 8 அல்லது 10 மி.மீ. பிளாஸ்டிக் கயிறு அவ்வளவு நீளாது, ஆனால் முடிச்சு வழுக்கும். ஒரு சுற்று கூடுதலாகப் போட வேண்டும். ராட்செட் பெல்ட் (கைப்பிடியை ஆட்டி இறுக்கும் பட்டை) இரண்டு இருந்தால் ஃபிரிட்ஜுக்கும் பீரோவுக்கும் அதையே போடுங்கள்.

லோடு ஏற்றுபவர்கள் போடும் இழுப்புக் கட்டைப் பழகிக்கொள்ளுங்கள். கயிற்றின் ஒரு முனையை இடப்பக்கக் கொக்கியில் கட்டிச் சாமான் மேலாக வலப்பக்கம் வீசுங்கள். வலப்பக்கக் கொக்கிக்கு இரண்டடி மேலே கயிற்றை ஒரு முறுக்கு முறுக்கி வளையமாக்கி, அதற்குக் கீழுள்ள கயிற்றை மடித்து வளையத்துக்குள் நுழைத்தால் ஒரு காது கிடைக்கும். மிச்சக் கயிற்றைக் கொக்கிக்கு அடியில் கொடுத்து மேலே கொண்டுவந்து, அந்தக் காதுக்குள் விட்டுக் கீழ்நோக்கி இழுங்கள். சும்மா இழுப்பதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு இறுகும். இறுகியதும் காதுக்குக் கீழே இரண்டு அரை முடிச்சு. குறுக்கே மூன்று கட்டு, மூலைக்கு மூலை பெருக்கல் குறியாக ஒன்று என்பது ஏழடிப் பாடிக்கு நியாயமான கணக்கு. பீரோ விளிம்பில் கயிறு படும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப்பைச் செருகுங்கள்.

படுதா எவ்வளவு வேண்டும்?

கணக்கு எளிது. அகலத்துக்கு: பாடி அகலம், அதோடு இரு பக்கமும் சாமான் உயரமும் அரை அடியும். நம் லோடுக்கு 5 + 4½ + 4½ = 14 அடி. நீளத்துக்கு: பாடி ஏழேகால், கேபின் பக்கம் இறங்க இரண்டு, பின்பக்கம் மூன்றரை, ஆக பன்னிரண்டே முக்கால் அடி. கடையில் 12 × 15, 15 × 18 என்று அளவுகள் கிடைக்கும். 12 அடி அகலம் வாங்கினால் ஓரம் பக்கப்பலகையின் பாதி வரைதான் இறங்கும். மழை உள்ளே போகாது, ஆனால் படுதா ஓரத்து வளையம் வண்டியின் கொக்கிக்கு எட்டாது. ஒவ்வொரு வளையத்துக்கும் துண்டுக் கயிறு கட்டிக்கொண்டிருக்க வேண்டும். 15 × 18 வாங்கிப் பின்னால் மடித்துக்கொள்வதே நல்லது. ஓரம் மடித்துத் தைப்பதால் சொன்ன அளவைவிடச் சில அங்குலம் குறைவாகவே இருக்கும்; கடையிலேயே விரித்து அளந்து பாருங்கள். நெடுஞ்சாலைக்கு 150 ஜி.எஸ்.எம்.முக்கு (சதுர மீட்டருக்கு 150 கிராம்) குறைந்தது வேண்டாம்.

போடும்போது மூன்று இடத்தில்தான் தப்பு நடக்கும். ஒன்று, ஓரத்தைப் பலகைக்கு உள்பக்கம் செருகுவது. பார்க்க நேர்த்தியாக இருக்கும். மேலே விழும் தண்ணீர் முழுவதும் நேராகப் பாடிக்குள் வடியும். ஓரம் எப்போதும் பலகைக்கு வெளியே தொங்க வேண்டும். இரண்டாவது, முன்பக்கத்தை லேசாக விடுவது. நெடுஞ்சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்று கேபின் மேலாக வந்து அந்த இடைவெளிக்குள்தான் புகும். படுதா உப்பிப் படபடவென்று அடித்து வளையத்தைப் பிய்த்துவிடும். முன்னோரத்தைக் கேபினுக்கும் சாமானுக்கும் நடுவே இறக்கி முதலில் அதைக் கட்டுங்கள், பிறகு பக்கங்கள், கடைசியில் பின்பக்கம். மூன்றாவது, இரண்டு துண்டுப் படுதா போடும்போது வரிசை மாறுவது. பின்துண்டை முதலில் விரித்து, முன்துண்டு அதன் மேல் இரண்டடியாவது ஏறும்படி போட வேண்டும், கூரைக்கு ஓடு வேய்வது போல. மேலே ஒரு வலையோ இரண்டு குறுக்குக் கயிறோ போட்டால் படபடப்பு அடங்கும்.

பின்னால் தொங்கும் பகுதி நம்பர் பிளேட்டையும் விளக்குகளையும் மறைக்காமல் மடித்துக் கட்டுங்கள். சாமான் பாடியின் பக்கவாட்டிலோ முன்பின்னோ உயரத்திலோ அனுமதித்த அளவைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவில் அபராதம் 20,000 ரூபாய். இறக்கிவைக்கும் செலவும் நம் தலையில். கட்டில் சட்டம் நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று பின்கதவைத் திறந்து போட்டுக்கொண்டு போகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மேலே ஆள் உட்கார்ந்து "பிடித்துக்கொண்டு" வருவதையும்தான்.

புறப்பட்டு ஐந்து கிலோமீட்டரில் ஓரம்கட்டி எல்லாக் கட்டையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். சாமான் உட்கார்ந்து கயிறு கட்டாயம் தளர்ந்திருக்கும். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டியதும் இன்னொரு முறை. ரயில்வே சுரங்கப்பாதைக்கு முன்னால் உயரத் தடுப்புக் கம்பி இருந்தால், தரையிலிருந்து சாமான் உச்சி வரை எத்தனை அடி என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். தெருக்களில் தொங்கும் கேபிள் வயருக்கும் அந்த எண் உதவும்.

மூடி போட்ட பிக்கப் என்றால்

வி-கிராஸ், ஹைலக்ஸ் போன்ற ஐந்து பேர் உட்காரும் வண்டிகளில் பின்தொட்டிக்கு மடிப்பு மூடியோ சுருள் மூடியோ போடுகிறார்கள். இங்கே ஆழம் கறாரானது. அரை அங்குலம் மிஞ்சினாலும் மூடி பூட்டாது. மூடியின் தண்டவாளத்துக்கு ஓரிரு அங்குலம் கழியுங்கள். சுருள் மூடி என்றால் கேபின் ஓரம் அது சுருண்டு உட்காரும் பெட்டி இருக்கும். அதற்கு அடியில் உயரம் இன்னும் குறைவு, அங்கே தட்டையான பெட்டிகளையே தள்ளுங்கள். சக்கர மேடுகளுக்கு நடுவே உள்ள அகலத்தைத் தனியாக அளக்க வேண்டும். 17 அங்குலப் பெட்டி அடங்கும் என்று கணக்கு சொன்னாலும், அதைச் சாய்த்து நிமிர்த்தும்போது குறுக்களவுக்கு இடம் வேண்டும். அதனால் மூடியை முழுதாகத் திறந்து ஏற்றுங்கள். பின்மூலைகளில் தண்ணீர் கசிவது இவற்றில் சகஜம், துணிப்பையை அங்கே வைக்காதீர்கள்.

காய்கறி, தோல்

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை நேதாஜி மார்க்கெட்டுக்குக் கொண்டுவரும்போது பிளாஸ்டிக் படுதாவை நாலு பக்கமும் இறுக்கினால், மே மாத வேலூர் வெயிலில் உள்ளே வியர்த்துக் காய் வதங்கிவிடும். வெயிலுக்கு வலை அல்லது நனைத்த கோணி போதும். மழைக்குப் படுதா போட்டாலும் பின்பக்கம் ஒரு சாண் திறந்திருக்கட்டும். ஆம்பூர் பக்கம் பதனிட்ட தோல் ஏற்றுபவர்களுக்கு நேர்மாறு: ஒரு சொட்டுப் பட்டாலும் கறை. அவர்கள் தரையில் ஒரு பாலித்தீன் விரித்து, மரச்சட்டம் வைத்து, அதன் மேல் கட்டுகளை அடுக்கி, பிறகு மேலே படுதா போட வேண்டும். சக்கரம் அடிக்கும் தண்ணீர் தகட்டு இடுக்கு வழியாகக் கீழிருந்தும் வரும்.

வேலை முடிந்ததும் படுதாவை ஈரத்தோடு சுருட்டி மூலையில் போடாதீர்கள். விரித்து இரு பக்கமும் காயவைத்து, ஓட்டை இருக்கிறதா என்று வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்து, கிழிந்த வளையத்துக்குப் புதிது அடித்த பிறகு மடித்து வையுங்கள்.