முதுமையுற்ற வீட்டு நாயை வலியின்றி வழியனுப்புவது எப்படி?

நாய்க்கு முதுமை முற்றிவிட்டால், அதன் வலி, பசி, தண்ணீர் குடித்தல், தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம் ஆகியவற்றை நாள்தோறும் குறித்து வாருங்கள். நல்ல நாட்களைவிடத் துன்பமான நாட்கள் பெருகும்போது, கருணைக்கொலை குறித்துக் கால்நடை மருத்துவரிடம் தயங்காமல் பேசுங்கள். வலி தணிய வேண்டுமென்று வீட்டிலுள்ள பாராசிட்டமாலையோ இபுபுரூஃபனையோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். அவை நாய்க்கு நஞ்சாகக்கூடும்.

கருணைக்கொலையின்போது முதலில் அமைதிப்படுத்தும் ஊசியும், நாய் உறங்கிய பின் அளவுக்கு மிகுந்த மயக்க மருந்தும் செலுத்தப்படுமா என்பதை முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இரத்தக்குழாயில் மருந்து ஏறிய சில நிமிடங்களுக்குள் இதயம் நின்றுவிடும். அதன்பின் கண்கள் திறந்தே இருப்பதும், சிறுநீர் கசிவதும், ஓரிரு முறை மூச்சிழுப்பதுபோல் உடல் அசைவதும் இயல்பானவையே, வலியின் அடையாளங்கள் அல்ல. இயன்றால் அருகிலேயே இருங்கள். பழகிய குரலும் கையும் அந்நேரத்தில் அதற்கு மிகவும் வேண்டும் என்றே கருதுகிறேன்.

பிள்ளைகளிடம் தூங்குகிறது என்று மறைக்காமல், இறந்துவிட்டது என்றே சொல்லுங்கள். புதைப்பதாயின், கிணற்றிலிருந்து தள்ளி ஆழமாகக் குழி தோண்டுங்கள். மருந்து தங்கிய உடலைப் பிற விலங்குகள் தோண்டித் தின்றால் அவையும் இறக்க நேரிடலாம்.