ரெக்கர்ட், ரிகோர்ட்: ஒரே ஆங்கிலச் சொல்லைப் பெயராகவும் வினையாகவும் பழகுவது எப்படி?

"படியில் உட்கார்ந்து படி" என்றால் நம் வீட்டுக் குழந்தைகள் குழம்புவதில்லை. முதல் படி ஏறுகிற படி, இரண்டாவது படிக்கச் சொல்கிற படி என்று இலக்கணம் தெரியாத வயதிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். ஓடு, அடி, ஆறு எல்லாம் இப்படித்தான். இதே திறமையை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகலாம். அதற்கு ஒரே ஒரு சொல்லை எடுத்து முழுமையாகப் பழகுவோம்: ரெக்கார்டு.

ஏன் இந்தச் சொல்? ஏற்கெனவே இது நம் வாயில் இருக்கிறது. ஆய்வகத்துக்கு ரெக்கார்டு நோட்டு, திருவிழாவில் ரெக்கார்டு டான்ஸ், போனில் "ரெக்கார்டு பண்ணு". சிக்கலும் இங்கேதான். தமிழில் பேசும்போது 'பண்ணு' சேர்த்துவிட்டால் எந்த ஆங்கிலச் சொல்லும் வினையாகிவிடும். சொல்லின் ஒலி மாறாது. ஆங்கிலத்தில் 'பண்ணு' கிடையாது. அந்த வேலையைச் சொல்லே செய்ய வேண்டும்.

படி 1: நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்

இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் வினை. பெயர்ப் பக்கத்தில்: எழுதி வைத்த ஆவணம், யாரும் எட்டாத சாதனை, இசைத்தட்டு, ஒருவரின் கடந்தகால வரலாறு. வினைப் பக்கத்தில்: எழுதி வைப்பது, ஒலியையோ காட்சியையோ பதிவது.

இத்தனை பொருள் எப்படி வந்தது என்று தெரிந்தால் மனத்தில் நிற்கும். லத்தீனில் 'கோர்' என்றால் இதயம். மறுபடி மனத்துக்குக் கொண்டுவருவது, அதாவது நினைவுகூர்வது என்பதுதான் இதன் வேர். நாம் மனப்பாடம் என்கிறோமே, அந்த எண்ணத்துக்கு மிக அருகில் இருக்கிறது. பிறகு நினைவு ஏட்டுக்கு வந்தது. 1877இல் எடிசன் ஒலியைப் பதியும் ஃபோனோகிராஃப் கருவியை உருவாக்கிய பிறகு ஒலிப்பதிவு, இசைத்தட்டு என்ற பொருள்களும் சேர்ந்துகொண்டன.

படி 2: பக்கத்து வீட்டைப் பாருங்கள்

சொல்லுக்கு முன்னால் எ, த, மை, ஹர் போன்றவை நின்றால் அது பெயர்: 'ஹி ப்ரோக் த ரெக்கர்ட்' (அவர் அந்தச் சாதனையை முறியடித்தார்). டு, வில், கேன் நின்றால் வினை: 'ஐ வில் ரிகோர்ட் இட்' (நான் அதைப் பதிவு செய்கிறேன்).

கடைசியில் 'ஸ்' வந்தால் மட்டும் நிதானம் தேவை. பெயரில் அது பன்மை, வினையில் அது அவர் செய்கிறார் என்பதன் அடையாளம். 'ஷி கீப்ஸ் ரெக்கர்ட்ஸ்' என்றால் பதிவேடுகள் வைத்திருக்கிறார். 'ஷி ரிகோர்ட்ஸ் சாங்ஸ்' என்றால் பாடல்களைப் பதிவு செய்கிறார்.

படி 3: அழுத்தத்தைக் காதில் ஏற்றுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறுவதில்லை. அதனால் நம் காது அதைக் கவனிக்கப் பழகவில்லை. பாடு என்ற வினை பாட்டு என்று பெயராகும்போது நமக்கு எழுத்தே மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு எழுத்து அப்படியே இருக்கும், அழுத்தம் இடம் மாறும், அதோடு உயிரொலியும் மாறும்.

பெயர் என்றால் முதல் அசையில் அழுத்தம்: 'ரெக்'கர்ட். வினை என்றால் இரண்டாவது அசையில்: ரி'கோர்ட்'. தமிழ் எழுத்தில் இது தோராயம்தான். சரியான ஒலிக்கு இணைய அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்திக் கேளுங்கள். உச்சரிப்புக் குறியில் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும். அதை அடுத்து வரும் அசையில்தான் அழுத்தம்.

அப்புறம் ஒரு ரப்பர் பேண்டை இரண்டு கட்டைவிரலிலும் மாட்டிக்கொள்ளுங்கள். அழுத்தம் வரும் அசையில் இழுங்கள், மற்றதில் தளர்த்துங்கள். பத்து முறை பெயர், பத்து முறை வினை, பிறகு மாற்றி மாற்றி. எனக்குத் தெரிந்தவரை இதைவிட எளிய வழி இல்லை. முடிந்ததும் போனில் உங்கள் குரலைப் பதிந்து, அகராதியின் குரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரிகோர்டர், ரிகோர்டிங் இரண்டும் பெயர்ச்சொற்கள்தான், ஆனால் வினையிலிருந்து பிறந்தவை. அதனால் வினையின் அழுத்தத்தையே வைத்துக்கொள்ளும்.

படி 4: அதே ஜாதிச் சொற்களுக்குப் போங்கள்

இந்தச் சொல் 1570 வாக்கிலேயே இப்படி இரண்டு அழுத்தங்களோடு இருந்தது. இன்று இத்தகைய சொற்கள் நூற்றுக்கும் மேல். பரிசு என்றால் 'ப்ரெ'சன்ட், வழங்கு என்றால் ப்ரி'சென்ட்'. பொருள் என்றால் 'ஆப்'ஜெக்ட், எதிர்ப்புத் தெரிவி என்றால் அப்'ஜெக்ட்'.

ஆனால் எல்லாச் சொல்லுக்கும் இதைப் பொருத்திவிடாதீர்கள். ரிப்போர்ட், ஆன்சர் போன்றவை பெயரானாலும் வினையானாலும் ஒரே அழுத்தம்தான். ஒவ்வொன்றையும் அகராதியில் பார்த்த பிறகே நோட்டில் எழுதுங்கள்.

சரி, இப்போது வானிலைச் செய்தியில் வரக்கூடிய ஒரு வாக்கியம்: 'த ஸ்டேஷன் ரிகோர்டட் எ ரெக்கர்ட் ரெயின்ஃபால்.' இதுவரை இல்லாத அளவு மழை அந்த நிலையத்தில் பதிவானது என்று பொருள். முதலில் வருவது வினை. அடுத்தது மழைக்கு அடைமொழியாக நிற்பதால் பெயரின் ஒலியை எடுத்துக்கொள்கிறது. ரப்பர் பேண்டோடு ஐந்து முறை சொல்லிப் பாருங்கள்.