டிஜிட்டல் ஹியுமானிட்டீஸ், ஏஐ: 'திங்கள்'ங்கிற ஒரே சொல்லை வச்சு ஆரம்பிக்கலாம் வாங்க

இலக்கியம், வரலாறு படிக்கிறவங்கள்ல நிறைய பேர் டிஜிட்டல் ஹியுமானிட்டீஸ்னு (இலக்கியம், வரலாறை கம்ப்யூட்டர் வச்சு ஆராயுறது) கேட்டதுமே கோடிங் தெரியணுமோனு பயந்துடுறாங்க, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. ரொபெர்ட்டோ பூசானு ஒரு இத்தாலியப் பாதிரியார் 1949ல ஐபிஎம் கம்ப்யூட்டர் கம்பெனி உதவியோட, இடைக்கால கிறிஸ்தவ அறிஞர் தாமஸ் அக்வினாஸ் எழுதின லத்தீன் நூல்களுக்குச் சொல்லடைவு (எந்தச் சொல் எங்க வருதுங்கிற பட்டியல்) போட உக்காந்தார், கிட்டத்தட்ட 1 கோடியே 10 லட்சம் சொல், பஞ்ச் கார்டுல (துளை போட்ட அட்டை) ஆரம்பிச்ச வேலை, முடிய சுமார் 30 வருஷம் ஆச்சு. நமக்கு லேப்டாப் இருக்கு, இப்ப ஏஐயும் இருக்கு. எந்த வேலைய அதுகிட்ட விடலாம், எதை விடக்கூடாதுனு தெரிஞ்சா போதும்.

ஸ்டெப் 1: கேள்வி

"ஏஐ வச்சு பழந்தமிழ் ஆராய்ச்சி"னு சொன்னா அது கேள்வியே இல்ல. 'திங்கள்'னா நிலவும் உண்டு, மாசமும் உண்டு, நான் எடுத்த தொகுப்புல எது எத்தனை தடவை வருது? இது கேள்வி. எண்ண முடியணும், அவ்ளோதான்.

ஸ்டெப் 2: டெக்ஸ்ட்

1998ல ஆரம்பிச்ச மதுரைத் திட்டம்ங்கிற இணைய நூலகத்துல ஏகப்பட்ட தமிழ் நூல் யூனிகோட்ல (கம்ப்யூட்டர்ல தேடக்கூடிய எழுத்தா) இலவசமா கிடைக்குது, முதல்ல அங்க பாருங்க. இல்லேன்னா ஸ்கேன் பண்ணி ஓசிஆர் (படத்துல இருக்கிறதை எழுத்தா மாத்துறது) போடணும், கூகுள் டிரைவ்ல படத்தை ஏத்தி டாக்ஸ்ல திறந்தாலே எழுத்தா மாறிடும். கையெழுத்துப் பிரதினா ட்ரான்ஸ்க்ரிபஸ் மாதிரி கையெழுத்தைப் படிக்கிற டூல் வேணும், அது தனிக் கதை.

ஸ்டெப் 3: சுத்தம் பண்றது

பாதி நேரம் இங்கதான் போகும். பழைய அச்சுல துணைக்காலும் 'ர'வும் ஒரே மாதிரி இருக்கும், அதனால 'காலம்' 'கரலம்' ஆயிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி வந்த புத்தகம்னா பழைய 'லை', 'னை' வடிவம் வேற இருக்கும், அதையும் ஓசிஆர் கண்டபடி படிக்கும். அப்புறம் 'கொ'வோட குறியை ஒரே துண்டாவும் சேமிக்கலாம், 'கெ' போட்டு பக்கத்துல கால் போட்டும் சேமிக்கலாம், திரையில ரெண்டும் ஒண்ணுதான் ஆனா சில டூல்ல தேடினா ஒண்ணு மாட்டும் இன்னொண்ணு மாட்டாது. யூனிகோட் நார்மலைஸ் (ரெண்டு வடிவத்தையும் ஒண்ணாக்குறது) பண்ணா இது சரியாயிடும். 'கௌ'வுக்குப் பதிலா 'கெ'வும் 'ள'வும் அடிச்சு வச்சிருப்பாங்க பாருங்க, அது சரியாகாது, கையாலதான் மாத்தணும்.

இதையெல்லாம் ஏஐகிட்ட குடுத்து திருத்தச் சொன்னா என்னனு தோணும். நானும் சொன்னேன், பக்கம் பக்கமா பளிச்னு திருத்தித் தந்துச்சு, சந்தோஷமா அடுத்த வேலைக்குப் போயிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு மூலத்தோட ஒப்பிட்டா, அதுக்குத் தெரியாத பழைய சொல்லையெல்லாம் தெரிஞ்ச சொல்லா மாத்தி வச்சிருக்கு! ஓசிஆர் தப்பு 'கரலம்'னு கண்ணுல குத்தும், ஏஐ தப்பு அழகா உக்காந்திருக்கும், அதான் சிக்கல். அதனால மூல ஃபைலைத் தொடாம வைங்க, "திருத்து"னு சொல்லாம "சந்தேகமான இடத்தைப் பட்டியல் போடு"னு கேளுங்க.

ஸ்டெப் 4: எண்றது

இதை ஏஐகிட்ட கேக்கவே கேக்காதீங்க, அது எழுத்தைத் துண்டு துண்டாப் பாக்குற ஜந்து, எண்ணிக்கைய தைரியமா தப்பா சொல்லும். ஆன்ட்காங்க்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம், சொல் வர்ற வரியெல்லாம் முன்பின் சொல்லோட வரிசையா காட்டும். தமிழ் சொல் உடைஞ்சு வந்துச்சுன்னா டோக்கன் செட்டிங்ல (எதெல்லாம் சொல்லுல சேரும்னு சொல்ற இடம்) 'மார்க்' (கால், கொம்பு, புள்ளி மாதிரி குறி) டிக் ஆகியிருக்கானு பாருங்க.

'திங்கள்'னு தேடினா மட்டும் போதாது. 'திங்களை'ல 'ளை' வருது, புள்ளி இல்ல, அதனால புள்ளி வச்சு தேடினா மாட்டாது, '*திங்க*'னு தேடணும், நட்சத்திரம்னா அங்க என்ன எழுத்து வந்தாலும் சரினு அர்த்தம். வெண் கூட சேந்தா 'வெண்டிங்கள்', அப்ப '*டிங்க*'வும் தேடணும். சீர் பிரிச்சு அச்சடிச்ச பாட்டுல சொல்லே ரெண்டா உடைஞ்சு கிடக்கும். இதையெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கிறதுனாலதான் தமிழ் படிச்சவங்களுக்கு இந்த வேலையில மவுசு.

ஸ்டெப் 5: இப்பதான் ஏஐ

வரிகளை நம்பர் போட்டு ஷீட்ல வைங்க. முதல் 30 வரிக்கு ஏஐ சொல்றதைப் பாக்காம நீங்களே நிலவா மாசமானு குறிங்க. அப்புறம் இப்படிக் கேளுங்க: "ஒவ்வொரு வரியிலும் திங்கள் என்பது நிலவா, மாதமா, தெளிவில்லையா? வரி எண்ணைக் கொடு, வரியை மாற்றாதே, காரணம் ஒரே வாக்கியத்தில்." 'தெளிவில்லை'ங்கிற வாய்ப்பைக் குடுக்கலேன்னா சந்தேகமான இடத்துலயும் ஏதாவது ஒண்ணை அடிச்சு விட்டுடும்.

புது சாட்ல மறுபடி ஒருதரம் கேட்டு ரெண்டையும் ஒப்பிடுங்க. மாறி மாறி சொல்ற வரியும், உங்க 30ல ஒத்துப்போகாத வரியும்தான் நீங்க உக்காந்து படிக்க வேண்டியது, சுவாரசியமே அங்கதான். 30ல பாதி ஒத்துப்போகலேன்னா மீதியையும் கையாலயே குறிச்சிடுங்க.

ஸ்டெப் 6

எந்த மாடல், எந்தத் தேதி, என்ன கேட்டீங்கங்கிறதை அதே ஷீட்ல இன்னொரு பக்கத்துல எழுதி வைங்க, மாடல் மாறினா பதிலும் மாறும். ஏஐ ஏதாவது கட்டுரையை மேற்கோள் காட்டினா அப்படி ஒண்ணு இருக்கானு தேடிப் பாத்துட்டு அப்புறம் சேருங்க.